திருகோணமலையை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பான் அமெரிக்கன் ஏர்வேஸ் கம்பெனியின், தண்ணீரிலேயே ஏறி இறங்கும் பறக்கும் படகுகளைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நம் ஊரில் பான் ஆம் என்றாலே 1986-ல் கராச்சியில் நடந்த கடத்தலும் நீரஜா பானோட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்குக் கிட்டத்தட்ட 60 வருஷக் கதை இருக்கிறது என்று தமிழ்ப் பத்திரிகை ஒன்று எடுத்துச் சொன்னதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. பேரனை வாசிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டேன், அப்புறம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நானே ஒரு தடவை படித்தேன். இரண்டாவது தடவைதான் மனசு ஒப்பவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் 22 வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்தேன். கப்பலில் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'ஸ்பார்க்ஸ்' என்பார்கள். செயற்கைக்கோள் வந்து எங்கள் பிழைப்பைப் பறித்துக்கொண்டு போனது தனிக் கதை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கட்டுரையில் வெள்ளை மேஜை விரிப்பு வருகிறது, வெள்ளிக் கரண்டி வருகிறது, ஏழு வகை விருந்து வருகிறது, இழுத்துப் போட்டுப் படுக்கிற மெத்தை வருகிறது, வால் பக்கத்தில் புதுமணத் தம்பதிக்குத் தனி அறை இருந்ததுகூட வருகிறது. ரேடியோ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் படத்துக்குக் கீழே.

சின்னத் திருத்தங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பான் ஆம் தன் முதல் பயணத்தையே பறக்கும் படகில்தான் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 1927 அக்டோபர் 19-ஆம் தேதிக்குள் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து ஹவானாவுக்குத் தபால் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் தபால் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை. வாங்கி வைத்திருந்த ஃபோக்கர் விமானம் இறங்க கீ வெஸ்ட்டில் ஓடுதளம் தயாராகவில்லை. கடைசி நேரத்தில் வேறொரு கம்பெனியின் சின்ன ஃபேர்சைல்ட் விமானத்தை விமானியோடு சேர்த்து வாடகைக்குப் பிடித்து, தபால் மூட்டைகளை ஏற்றி, 90 மைல் கடலைத் தாண்டி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த விமானத்தின் பேர் 'லா நீன்யா', சைய் கால்ட்வெல் என்பவர் ஓட்டினார். அது பறக்கும் படகு இல்லை, மிதவை விமானம். சாதாரண விமானத்துக்குச் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவையைக் கட்டினால் அது மிதவை விமானம். உடம்பே படகாக இருந்து, அடிவயிறே தண்ணீரில் அமர்ந்தால்தான் பறக்கும் படகு. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் ஒன்று என்று எங்கள் கடற்கரையில் சொல்லிப் பாருங்கள்!

அடுத்தது, 1935 நவம்பர் 22-ஆம் தேதி பான் ஆமின் சைனா கிளிப்பர் என்ற பறக்கும் படகு "முதல் பயணிகளோடு" பசிபிக்கைக் கடந்தது என்ற வரி. அதில் பயணி ஒருவர்கூடக் கிடையாது. போனது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தபால்களும் விமானக் குழுவினரும்தான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பயணிகள் ஏறியது அடுத்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, ஹவாய் கிளிப்பரில். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்கு ஒருவழிக் கட்டணம் 799 டாலர், அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு புது ஃபோர்டு காரையே அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம். சைனா கிளிப்பர் கிளம்பிய அன்று சான்பிரான்சிஸ்கோவில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே பறப்பதாகத்தான் திட்டம். தபாலும் பெட்ரோலும் சேர்ந்த எடை விமானத்தை மேலே எழும்ப விடவில்லை, கேப்டன் எட்வின் மியூசிக் கடைசி நொடியில் மனசை மாற்றிக்கொண்டு தொங்கும் கம்பிகளுக்கு அடியில் புகுந்து போனார். கரையில் நின்ற கூட்டம் அதை வேடிக்கைக்காகச் செய்த சாகசம் என்று நினைத்துக் கைதட்டியதாம்.

சரி, இதெல்லாம் சில்லறை. என் மனக்குறை வேறு.

அன்றைக்கு ஏன் படகில் பறந்தார்கள்? சொகுசுக்காக இல்லை. அவ்வளவு கனமான விமானம் இறங்குகிற மாதிரி நீளமான ஓடுதளம் உலகத்தின் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. துறைமுகம் இருந்தது, ஏரி இருந்தது, ஆறு இருந்தது. ஓடுதளம் கட்டக் காசில்லாத ஊருக்குக் கடவுள் கட்டிக் கொடுத்த ஓடுதளம் தண்ணீர். அதனால்தான் பான் ஆமின் தலைவர் ஹுவான் டிரிப் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். பேரைப் பார்த்து ஸ்பானியர் என்று நினைக்க வேண்டாம், நியூஜெர்சியில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் படித்த அமெரிக்கர். பழைய பாய்மரக் கப்பல்களின் பெயரான 'கிளிப்பர்' என்பதைத் தன் விமானங்களுக்கு வைத்ததும், விமானிக்குக் கப்பல் கேப்டன் மாதிரி உடுப்பு போட்டதும், வேகத்தை நாட்டிகல் கணக்கில் சொன்னதும், நேரத்துக்குக் கப்பல் மாதிரி மணி அடித்ததும் அந்த மனுஷனின் வியாபாரத் தந்திரம். கடலைப் பார்த்துப் பயப்படுகிற பயணிக்கு, இது கப்பல்தான், கொஞ்சம் உயரத்தில் போகிறது, அவ்வளவே என்று காட்ட வேண்டியிருந்தது. ஆனால் அவரைத் தனி ஆளாக நின்று ஜெயித்த வீரராக உங்கள் கட்டுரை காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வெளிநாட்டுத் தபாலுக்கு அமெரிக்க அரசு மைலுக்கு 2 டாலர் வரை கொடுக்கச் சட்டம் செய்தது, அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை டிரிப் வாரிக்கொண்டார். அரசாங்கத்தின் தோளில் ஏறி நின்று எட்டிப் பறித்த மாங்காய் அது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

1928 ஆகஸ்டில் ஹவானாவிலிருந்து கீ வெஸ்ட் திரும்பிக்கொண்டிருந்த பான் ஆம் விமானம் ஒன்று வழி தவறியது. வெறும் 90 மைல் தூரம்தான், ஆனாலும் ஃப்ளோரிடாவின் தீவு வரிசையைக் காணாமல் தாண்டிப்போய், பெட்ரோல் தீர்ந்து மெக்சிகோ வளைகுடாவில் விழுந்தது, ஒரு பயணி இறந்தார். அந்த விமானத்துக்குள் ரேடியோப் பெட்டியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர் ஹ்யூகோ லாய்ட்டரிட்ஸ் என்ற இன்ஜினியர். காயம்பட்டு உயிர் தப்பினார். விமானம் எங்கே இருக்கிறது என்று விமானத்துக்கே தெரியாத நிலைமை என்றால் என்ன என்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த அந்த ஆள்தான் பான் ஆமின் ரேடியோ ஏற்பாடு முழுவதையும் பிறகு உருவாக்கினார்.

அவர் செய்ததை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வளைய ஆன்டெனா போதும், எங்கள் கப்பல்களிலும் அதுதான் இருந்தது. பகலில் நன்றாக வேலை செய்யும். பொழுது சாய்ந்துவிட்டால் தொல்லை, மேலே போன அலை வானத்தில் பட்டுத் திரும்பி வந்து நேராக வரும் அலையோடு கலந்துகொள்ளும், திசை காட்டும் முள் குடித்தவன் மாதிரி ஆடும். சூரியன் மறையும் நேரத்தில் நான் எடுத்துக் கொடுத்த பேரிங்கை, அதாவது திசைக் கணக்கை, கப்பலின் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) ஒருவர்கூட நம்பியதில்லை, நானும் நம்பச் சொன்னதில்லை. பசிபிக்கைக் கடக்கிற விமானம் ராத்திரி முழுக்கப் பறக்க வேண்டும், அப்போது இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்காக அட்காக் என்ற வகை ஆன்டெனாவை லாய்ட்டரிட்ஸ் எடுத்துக்கொண்டார். செங்குத்தான கம்பங்களை ஜோடி ஜோடியாக நட்டு, மேலிருந்து வரும் அலையின் குழப்பத்தைப் பெருமளவு தள்ளிவிடும் ஏற்பாடு. அந்தக் கம்பங்களை விமானத்தில் ஏற்ற முடியாது. அதனால் வேலையைத் தலைகீழாக மாற்றினார்: விமானம் தன் இடத்தைத் தேட வேண்டாம், விமானத்தில் இருக்கிற ஆபரேட்டர் மோர்ஸ் கீயை (தந்தி அடிக்கும் விசையை) அழுத்திப் பிடித்தால் போதும், தரையில் இருக்கிற ஸ்டேஷன் திசையைக் கண்டுபிடித்து "நீ இந்தத் திசையில் இருக்கிறாய்" என்று திருப்பி அனுப்பும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற விமானத்துக்கும் இப்படிச் சொல்ல முடிந்தது.

இதோடு வானத்து நட்சத்திரம் பார்க்கும் கணக்கும் இருந்தது. சைனா கிளிப்பரின் முதல் பயணத்தில் அதைச் செய்தவர் ஃப்ரெட் நூனன், கப்பலில் வளர்ந்த ஆள். காற்று எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பார்க்க அலுமினியப் பொடி அடைத்த கண்ணாடிக் குப்பியைக் கடலில் போட்டுப் பார்ப்பார்கள், ராத்திரியில் தண்ணீரில் எரிகிற தீவட்டி. பெட்ரோல் எவ்வளவு தீர்ந்தது, தூரம் எவ்வளவு கடந்தது என்று கோடு போட்டுக்கொண்டே போகும் ஒரு வரைபடத்தாளுக்கு அவர்கள் வைத்த பேர் 'ஹௌகோஸிட்', நம் பேச்சில் சொன்னால் 'எப்படிப் போகுது'. அந்தக் கோடு இறங்க ஆரம்பித்தால் திரும்பிவிட வேண்டும், கேப்டன் வீரம் காட்டக் கூடாது.

இதே நூனன்தான் 1937 ஜூலையில் அமெரிக்கப் பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட்டோடு பசிபிக்கின் ஹௌலண்ட் தீவைத் தேடிப் போய்க் காணாமல் போனவர். உலகமே அந்த மர்மத்தைப் பற்றி எழுதுகிறது. அதே மனுஷன் பான் ஆமில் இருந்தபோது பசிபிக்கின் சின்னத் தீவுகளான மிட்வேயையும் வேக்கையும் தவறாமல் கண்டுபிடித்தாரே என்று யாரும் கேட்பதில்லை. பான் ஆமில் கீழே இருந்து திசை சொல்ல ஆள் இருந்தது. ஹௌலண்டில் இயர்ஹார்ட்டின் குரல் அங்கே காத்திருந்த கப்பலுக்குக் கேட்டது, ஆனால் கப்பல் திரும்பச் சொன்னதை வைத்து அவரால் வழி பிடிக்க முடியவில்லை.

அந்தத் தீவுகளையும் பாருங்கள். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு 2,400 மைல், நடுவில் ஒரு பாறைகூடக் கிடையாது. அதைத் தாண்டினால் மிட்வே, வேக், குவாம், மணிலா. வேக் தீவில் மனுஷன் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. 1935 மார்ச்சில் 'நார்த் ஹேவன்' என்ற சரக்குக் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களையும், பிரித்து அடுக்கிய வீடுகளையும், ஜெனரேட்டர், ஆன்டெனா கம்பம், பெட்ரோல் பீப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கப்பல் அணைய இடமில்லாத பவளத் தீவில், அலையில் ஆடிக்கொண்டே அத்தனை சாமானையும் சின்னப் படகுகளில் இறக்குவது எப்பேர்ப்பட்ட வேலை என்பதை இறக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். விமானம் இறங்க வேண்டிய காயலுக்குள் பவளப் பாறைகள் முட்டிக்கொண்டு நின்றன. பில் முல்லஹே என்ற நீச்சல்கார இளைஞர் ஒவ்வொன்றாக முங்கி டைனமைட் வைத்துத் தகர்த்தார். மண்ணே இல்லாத அந்தத் தீவில் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் காய்கறிகூட வளர்த்தார்கள். உங்கள் கட்டுரையில் வரும் சாலட் எங்கிருந்து வந்தது என்று இதை வைத்து எழுதியிருக்கலாமே?

செத்தவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. கேப்டன் மியூசிக் 1938 ஜனவரி 11-ஆம் தேதி சமோவாவின் பாகோ பாகோ அருகே செத்தார். எஞ்சினில் எண்ணெய்க் கசிவு, திரும்பி இறங்கலாம் என்று எடையைக் குறைக்கப் பெட்ரோலைக் கொட்டும்போது விமானம் வானத்திலேயே வெடித்தது, கூட இருந்த ஆறு பேரும் போனார்கள். அதே வருஷம் ஜூலைக் கடைசியில் குவாமிலிருந்து மணிலாவுக்குப் போன ஹவாய் கிளிப்பர் 15 பேரோடு மறைந்தது. அதன் ரேடியோ ஆபரேட்டர் கடைசியாகச் சொன்னது, மழையால் இரைச்சல் அதிகமாக இருக்கிறது, அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறு என்பதுதான். தரையில் இருந்தவர் ஒரு நிமிஷம் பொறுத்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்றுவரை இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை நானும் பல தடவை பலரிடம் கேட்டிருக்கிறேன், அவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் இந்தக் கதையை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடிந்ததில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில மணி நேரத்தில் வேக் தீவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற பிலிப்பைன் கிளிப்பர் உடம்பெல்லாம் குண்டுத் துளையோடு தப்பித்தது, கம்பெனியின் வெள்ளைக்கார ஊழியர்களை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டது. ஓட்டலிலும் சமையலறையிலும் வேலை பார்த்த குவாம் தீவுச் சாமொரோ ஊழியர்களில் குண்டுக்கு இரையானவர்கள் போக மிச்சமிருந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். நீங்கள் எழுதிய அந்த வெள்ளை விரிப்பைத் துவைத்து மடித்தவர்கள் அவர்கள்தான். எங்கள் ஊர்க் கப்பல்காரர்கள் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் வேலை பார்த்த காலத்துக் கதைகளை எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டவன் நான், எனக்கு இதில் ஆச்சரியம் வரவில்லை, ஆனால் பான் ஆமின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

சரி, இப்போது தலைப்பு விஷயம். தமிழ்ப் பத்திரிகை ஒன்று பான் ஆமின் பறக்கும் படகைப் பற்றி எழுதுகிறது, அதில் திருகோணமலை இல்லை! எப்படி ஐயா விட்டீர்கள்?

1941 டிசம்பர் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் கிளிப்பர் என்ற போயிங் 314 பறக்கும் படகு, கேப்டன் ராபர்ட் ஃபோர்டு தலைமையில் வழக்கம்போல நியூசிலாந்துக்குக் கிளம்பியது. ஆக்லாந்தை நெருங்கும்போது ரேடியோவில் பேர்ல் ஹார்பர் செய்தி வந்தது. வந்த வழியே திரும்ப முடியாது. சில நாள் கழித்து, மேற்கே பார்த்துப் பறந்து உலகத்தைச் சுற்றிக்கொண்டு நியூயார்க் வந்து சேருங்கள் என்று உத்தரவு. அந்தப் பக்கத்துக்கெல்லாம் அவர்களிடம் வரைபடம் கிடையாது, ஆக்லாந்து நூலகத்தில் பூகோளப் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். நியூ கலிடோனியா போய்க் கம்பெனி ஊழியர்களை ஏற்றி ஆஸ்திரேலியாவில் இறக்கிவிட்டு, டார்வின், அங்கிருந்து ஜாவாவின் சுரபாயா. அங்கே டச்சுக்காரர்களின் போர் விமானங்கள் எதிரி என்று நினைத்துச் சுடாமல் விட்டதே தெய்வச் செயல். விமான பெட்ரோல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள், கிடைத்தது கார் பெட்ரோல். மிச்சமிருந்த நல்ல பெட்ரோலை மேலே எழும்புவதற்கு மட்டும் ஒதுக்கிவைத்து, எழும்பியதும் கார் பெட்ரோலுக்கு மாற்றினார்கள், எஞ்சின்கள் இருமிக்கொண்டும் வெடித்துக்கொண்டும் ஓடின. அந்த நிலையில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து அவர்கள் தேடி வந்த இடம்தான் திருகோணமலைத் துறைமுகம்.

கரையைத் தேடி மேகத்துக்குக் கீழே இறங்கினால் நேர் கீழே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி மேலே மிதந்துகொண்டிருந்ததாம். அவர்கள் பீரங்கிக்கு ஓடுவதற்குள் கிளிப்பர் மறுபடி மேகத்துக்குள் புகுந்துகொண்டது. திருகோணமலையில் இறங்கி இதைச் சொன்னபோது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நம்பவில்லை. நாலு மாசம் கழித்து, 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் அதே துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. அந்த அதிகாரி அப்போது என்ன நினைத்திருப்பாரோ.

டிசம்பர் 24-ஆம் தேதி திருகோணமலையிலிருந்து கிளம்பினார்கள். எழும்பிக் கொஞ்ச நேரத்தில் ஒரு எஞ்சினில் சிலிண்டர் பிய்த்துக்கொண்டது, எண்ணெய் கொட்ட ஆரம்பித்தது. திரும்பி வந்து அதே துறைமுகத்தில் இறங்கினார்கள். உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானங்களில் ஒன்றுக்கு அந்த வருஷக் கிறிஸ்துமஸ் திருகோணமலைத் தண்ணீரில், எஞ்சின் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு. 26-ஆம் தேதி மறுபடி கிளம்பி, இந்தியாவின் குறுக்கே பறந்து கராச்சி, அப்புறம் பஹ்ரைன், கார்ட்டூமில் நைல் நதி, லியோபோல்ட்வில்லில் காங்கோ நதி. காங்கோவில் காற்றே இல்லை, வெயில் கொளுத்துகிறது, டாங்க் வாய்வரை பெட்ரோல், முன்னால் நீர்வீழ்ச்சி மாதிரி பாறை ஓட்டம். எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாக இருந்தால் சந்தோஷம், பறக்கும் படகுக்கு அதுதான் சத்துரு, அடிப்பக்கத்தைத் தண்ணீர் விடாமல் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் அலை இருந்தால்தான் பிய்த்துக்கொண்டு எழும்பும். பாறைக்குக் கொஞ்சம் முன்னால் எப்படியோ எழும்பினார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசில், டிரினிடாட் வழியாக 1942 ஜனவரி 6-ஆம் தேதி விடியற்காலை நியூயார்க் லகார்டியாவுக்கு மேலே வந்து, ஆக்லாந்திலிருந்து வருகிறோம் என்று ரேடியோவில் சொன்னபோது கீழே இருந்தவர்கள் காதை நம்பவில்லை. இருட்டில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், வெளுக்கிற வரை சுற்றிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 31,500 மைல். கிளம்பியது சான்பிரான்சிஸ்கோ, சேர்ந்தது நியூயார்க், அதனால் முழுச் சுற்று இல்லை என்று வாதம் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ரேடியோ ஆபீசர் ஜான் பாயின்டெக்ஸ்டர். அவர் அந்தப் பயணத்தில் போக வேண்டியவரே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வரை கூடப் போய்விட்டு வந்துவிடுகிறேன், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திரு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஏறினார். லாஸ் ஏஞ்சல்ஸில் முறைப்படி போக வேண்டிய ஆளுக்கு உடம்பு சரியில்லை, இவரே போக வேண்டியதாயிற்று. போட்டிருந்த ஒரே சட்டையோடு உலகத்தைச் சுற்றினார், ஒவ்வொரு துறைமுகத்திலும் அதைத் துவைத்துக் காயப்போட்டார். திருகோணமலையிலும் ஒரு கொடிக்கம்பியில் அது காய்ந்திருக்கும்.

இந்தியாவில் பறக்கும் படகு இறங்கியதே இல்லை என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் வருவதும் சரியில்லை. பான் ஆமை விடுங்கள், பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் படகுகள் 1930-களின் கடைசியில் குவாலியர் ஏரியிலும், அலகாபாத்திலும், கல்கத்தாவில் ஹூக்ளி நதியிலும் இறங்கின. போர்க்காலத்தில் சென்னை செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் நின்றன. சென்னை வாசகர்கள் குடிக்கிற தண்ணீர்தான் அது.

முடிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர் வந்து ஊருக்கு ஊர் நீள ஓடுதளம் போட்டது, வேகமான தரை விமானங்கள் வந்தன, படகுக்கு வேலை போனது. அட்லாண்டிக்கில் இருக்கிற அசோர்ஸ் தீவின் ஹோர்ட்டாவில் அலை அடங்கவில்லை என்று நாள் கணக்கில் காத்துக் கிடந்ததையும், உப்பு அரித்ததையும் நினைத்தால் பான் ஆம்காரர்களே நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 1946 ஏப்ரலில் கடைசி கிளிப்பர் படகு ஹொனலூலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தது. போயிங் 314 கட்டியது மொத்தம் 12, இன்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது மாதிரி வடிவம்தான். கம்பெனியும் 1991 டிசம்பரோடு மூடிவிட்டது.

என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தங்களுக்கு ஒரு ஓரத்தில் இடம் கொடுங்கள். அப்புறம், திருகோணமலையிலும் சீனக்குடா பக்கத்திலும் உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறவர்கள் இருப்பார்கள், அந்தக் கிறிஸ்துமஸுக்குத் துறைமுகத்தில் நின்ற பெரிய விமானத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிக் கேட்டதுண்டா என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கப்பல்கூடத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் எழுதிய கதை நமக்குக் கிடைத்துவிட்டது, கரையில் நின்று பார்த்தவர்களின் கதையைத்தான் இதுவரை நான் எங்கும் படித்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு 'ஸ்பார்க்ஸ்',
தூத்துக்குடி

பி.கு.: இரண்டாம் பக்கத்தில் சைனா கிளிப்பர் என்று போட்டிருக்கும் படம் சைனா கிளிப்பர் இல்லை. வாலைப் பாருங்கள், மூன்று துடுப்பு இருக்கிறது, அது போயிங் 314. சைனா கிளிப்பர் மார்ட்டின் கம்பெனி விமானம், அதற்கு வாலில் ஒன்றுதான்.